எங்கள் மனைக்குள் நுழைந்து வேலி போட்டுவிட்டார்கள், போலீஸ் ‘சிவில் மேட்டர்’ என்கிறது. அத்துமீறல் குற்றம் இல்லையா?

தேவிபட்டினம் பக்கம் உங்கள் அப்பா வாங்கிப் போட்ட இருபது சென்ட் காலி மனையில், மூன்று மாதத்துக்கு முன்பு பக்கத்து இடத்துக்காரர் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டார். ஸ்டேஷனுக்குப் போனால் கோர்ட்டுக்குப் போகச் சொல்கிறார்கள். அடுத்தவர் இடத்தில் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு நானும் அலைந்தவன். வக்கீல் இல்லை, வழக்கு நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பெரியபட்டினம் தாண்டிக் கடலோரமாக எங்களுக்கு அறுபது சென்ட் பனங்காடு இருக்கிறது. தாத்தா கிரயம் வாங்கியது. அப்பா போன பிறகு நாங்கள் எல்லாரும் வெளியூரில். 2025 பொங்கலுக்குப் போனபோது மேற்கு ஓரத்தில் எட்டுப் பனை வேலிக்கு அந்தப் பக்கம் நின்றது. ஒரு பனையையே கம்பத்துக்குப் பதிலாக வைத்துக் கம்பியைச் சுற்றி முறுக்கியிருந்தார்கள். முறுக்கின இடத்தில் கம்பி மரத்தில் அழுந்தியிருந்தது. அதைப் பார்த்ததும் சித்தப்பா அரிவாளைத் தேடினார். “நம்ம இடத்துல ஊண்டுனதப் பிடுங்க எவன்கிட்ட கேக்கணும்?” என்றார். ஊரில் பத்திரம் எழுதும் பெரியவர்தான் எங்களைத் தடுத்தார். இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன்.

முதலில் குற்றம் என்கிற விஷயம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 441, 447ஆம் பிரிவுகளில் இருந்த அத்துமீறல் இப்போது 329ஆம் பிரிவில் இருக்கிறது. தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடியிருக்கும் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு வருடம் வரை. ஆனால் நுழைந்தாலே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு குற்றம் செய்யவோ, இடத்தைக் கையில் வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நுழைந்திருக்க வேண்டும். சரியாக நுழைந்துவிட்டு அதே நோக்கத்தோடு வெளியேறாமல் இருந்தாலும் இதில் வரும். மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் இறுக்கிப் பிடித்தது: தொல்லை வரும் என்று தெரிந்திருந்தால் மட்டும் போதாது, தொல்லை கொடுப்பதே நோக்கமாக இருக்க வேண்டும்.

‘சிவில் மேட்டர்’ என்ற வார்த்தை இங்கிருந்துதான் வருகிறது. வேலி போட்டவர் “இது என் இடம்னு நெனச்சுத்தான் போட்டேன்” என்று ஒரு பட்டாவை நீட்டினால் ஸ்டேஷனில் கைவிரித்துவிடுவார்கள். அதற்காகப் புகார் கொடுக்காமல் இருக்காதீர்கள். இது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய குற்றம்தான். எழுத்தில் கொடுத்து, புகார் வந்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் எஸ்.பி.க்கு அனுப்புங்கள், அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். மிரட்டினார்கள், மரம் வெட்டினார்கள், இருந்த வேலியை உடைத்தார்கள் என்றால் அதையும் நாள், நேரத்தோடு எழுதுங்கள். நோக்கம் தெரிவது அதில்தான். எனக்கு அந்த ரசீதால் கைது எதுவும் நடக்கவில்லை. ஆனால் நாங்கள் எந்தத் தேதியில் ஆட்சேபித்தோம் என்பதற்குக் கோர்ட்டில் அது பேசியது.

உங்கள் இடம் திரும்பக் கிடைப்பது பெரும்பாலும் சிவில் பக்கம்தான். அங்கே சுவாதீனம் என்று ஒரு சொல் வரும், யார் அனுபவத்தில் இருந்தது என்பது. பத்திரம் யார் பெயரில் என்பதை விட்டுவிட்டு, இதை மட்டும் வைத்தே ஒரு வழக்குப் போடலாம். குறித்த நிவாரணச் சட்டம் 1963, ஆறாம் பிரிவு. உங்கள் சம்மதம் இல்லாமல், சட்டப்படி இல்லாமல் உங்களை இடத்திலிருந்து வெளியேற்றியிருந்தால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுத் திரும்பக் கேட்கலாம். அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது. அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு செல்லாது. ஆறு மாதம் தாண்டினால் உரிமை போய்விடாது, உரிமை மூலத்தை வைத்து வழக்குப் போட 12 வருடம் இருக்கிறது. ஆனால் மூலப்பத்திரம், வாரிசுச் சான்று, வில்லங்கம் என்று எல்லாவற்றையும் நிரூபித்து முடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

சித்தப்பாவைத் தடுத்ததும் இந்தச் சுவாதீனம்தான். ஒருவர் இப்போதுதான் உள்ளே வருகிறார் என்றால் தேவையான அளவுக்குத் தடுக்கலாம். வந்து நிலைத்துவிட்டார் என்றால், அவர் அத்துமீறி வந்தவராகவே இருந்தாலும், உரிமையாளர்கூடப் பலவந்தமாக வெளியேற்றக் கூடாது, கோர்ட் வழியாகத்தான் போக வேண்டும் என்று ராமே கவுடா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அன்றைக்கு நாங்கள் கல்லுக்காலைப் பிடுங்கியிருந்தால், புகார்தாரர் அவராகவும் குற்றவாளி நாங்களாகவும் மாறியிருப்போம்.

சரி, வெளியூரில் இருந்துகொண்டு அனுபவத்தை எப்படிக் காட்டுவது? எங்களைக் காப்பாற்றியது பனையேறும் அண்ணன்தான். அப்பா காலத்திலிருந்து அந்த மரங்களில் அவர்தான் பாளை சீவுகிறார். வருடா வருடம் எங்கள் பங்குக் கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் கட்டி வீட்டுக்கு அனுப்புவார். அவர் கருப்பட்டி காய்ச்சும் குடிசையான விடிலி எங்கள் காட்டுக்குள்தான் நின்றது. “கார்த்திகையில கல்லு ஊண்டுனாக தம்பி, அந்த எட்டு மரமும் நாந்தான் ஏறுவேன்” என்று கோர்ட்டில் வந்து சொல்லவும் சம்மதித்தார். அவர் சொன்ன கார்த்திகையை வைத்துத்தான் எங்கள் ஆறு மாதத்தை எண்ணினோம். உங்கள் இடம் காலி மனை என்றால், கருவேல மரம் வெட்டக் கூலி கொடுத்த கணக்கு, பழைய போட்டோ, வரி ரசீது, வேலி போட்டவரைத் தவிர மற்றப் பக்கத்து இடத்துக்காரர்களின் வாக்குமூலம் எல்லாம் உதவும்.

பட்டா உங்களிடமும் இருக்கும், அவரிடமும் இருக்கலாம். அது வருவாய்த்துறைப் பதிவு, அது மட்டுமே உரிமை மூலம் ஆகாது. அதனால் அளந்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் பணம் கட்டி நில அளவைக்கு மனு போட்டோம். சர்வேயர், நிலத்தின் அளவு வரைபடமான புலப்படத்தை விரித்து அளந்து, சீமைக் கருவேலப் புதருக்குள் ஓர் இடத்தைக் காட்டித் தோண்டச் சொன்னார். ஒன்றரை அடி மணலுக்குக் கீழே மண்வெட்டி ‘ணங்’ என்றது. தலையில் குறி வெட்டிய பழைய சர்வே கல். புதிய வேலி அந்தக் கல்லுக்கு உள்ளே பதினோரு அடி வந்திருந்தது. அதற்குப் பிறகும் வேலி போட்டவர் இறங்கி வரவில்லை, சித்திரையில் வழக்குப் போட்டோம். இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுக்கக் கோர்ட் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகுதான் சமரசத்துக்கு வந்து வேலியைத் தள்ளிக்கொண்டார். அளக்கும்போது கடல் பக்கம் ஒரு துண்டு புறம்போக்கு என்று வந்தால் அதை உங்கள் வழக்கில் சேர்க்காதீர்கள். அது 1905ஆம் வருட நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் அரசு பார்க்கும் விஷயம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் காட்டின் வடக்கு ஓரமாக மீன்பிடிக்கிறவர்கள் கடலுக்கு நடந்து போகிற ஒற்றையடிப் பாதை இருக்கிறது. விடியலில் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள், பாசி எடுக்கப் போகும் பெண்கள் தண்ணீர்க் குடத்தை எங்கள் மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார்கள். வழக்கு முடிந்த சூட்டில் அதையும் அடைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் யாரையும் மிரட்டவோ தொல்லைப்படுத்தவோ வரவில்லை, அதனால் 329 அவர்களைத் தொடாது. உரிமையோடு, தடையில்லாமல், வெளிப்படையாக இருபது வருடம் நடந்த பாதைக்கு 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டத்தில் அவர்களே உரிமை கோரவும் வழி இருக்கிறது. புது வேலி போட்டபோது வடக்கே நாலடி வழி விட்டுத்தான் கம்பி இழுத்தோம்.

உங்கள் மனையிலும் அப்படி யாராவது நடந்து போகிறார்களா என்று பாருங்கள். வேலி போட்ட நாள் எது என்பதை அவர்கள்தான் சரியாகச் சொல்வார்கள். மூன்று மாதம் என்று நீங்கள் சொல்வது சரியானால் ஆறாம் பிரிவுக்கு இன்னும் மூன்று மாதம்தான் பாக்கி. சர்வே மனுவை இந்த வாரமே போடுங்கள், அளக்க வரும் தேதி தள்ளிப்போனால் அதற்காகக் காத்திருக்காமல் வக்கீலைப் பார்த்து வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.