லண்டன் திருவிழாவுக்கு வாசிக்கப் போகும் மேளக்காரர்களுக்கு எந்த விசா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். நாகசுரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம், சுருதிப்பெட்டி என்று ஆறு பேர் கொண்ட செட். வருகிற ஆகஸ்டில் லண்டனில் ஓர் அம்மன் கோயிலின் பத்து நாள் திருவிழாவுக்கும், அது முடிந்து பாரிஸில் ஒரு தேரோட்டத்துக்கும் அழைக்கிறார்கள். ஏற்பாடு செய்கிறவர் நம்ம பக்கத்துக்காரர்தான். "டூரிஸ்ட் விசால வாங்க அண்ணாச்சி, ஏர்போர்ட்ல கேட்டா சொந்தக்காரங்க வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார். ஆளுக்கு இவ்வளவு என்று தொகையும் பேசியாகிவிட்டது. போகலாமா? ஒரு தவில்காரருக்குப் பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர்தான். இன்னொருவர் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். கருவிகளை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: போங்கள். கட்டாயம் போங்கள். ஆனால் அவர் சொன்ன வழியில் போகாதீர்கள். "வாசிக்க வந்திருக்கிறோம், இன்னார் பணம் தருகிறார்கள்" என்று அங்கே குடியேற்றச் சோதனைக் கவுண்டரில் நின்று உள்ளபடியே சொல்ல முடிகிற விசா கைக்கு வந்தால் மட்டும் விமானம் ஏறுங்கள். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல வருடங்களாகக் கலைஞர்களுக்குப் பயணக் காகிதம் தயார் செய்து கொடுக்கிறேன். வாசிப்பில் குறை சொல்ல முடியாத எத்தனையோ செட்டுகள் எல்லையில் வாய் குழறித் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு வெளிநாட்டு விமான நிலையத்தில் நான்கு பேர் இறங்கினார்கள். மூன்று பேர் சொந்தக்காரர் வீட்டுக்கு என்றார்கள். நான்காமவர் பயந்த சுபாவம். கோயில் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். போனை வாங்கிப் பார்த்தார்கள். திருவிழா நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் இருந்தது. பச்சைத் தலைப்பாகையோடு அவருடைய படம், கீழே பெயர், பட்டம், நாள், நேரம் எல்லாம் பளிச்சென்று. அடுத்த விமானத்தில் நான்கு பேரும் திரும்பினார்கள். ஊர் வந்து ஆறு மாதம் அவர் கச்சேரிக்கே போகவில்லை. இத்தனைக்கும் அந்தப் பொய் அவர் யோசித்ததில்லை, அழைத்தவர் சொல்லிக் கொடுத்தது. அழைத்தவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசா விண்ணப்பத்திலோ எல்லையிலோ ஏமாற்றியதாகத் தெரிந்தால், பிரிட்டன் 10 வருடம் வரை விசா மறுக்கலாம். அமெரிக்காவில் அது ஆயுளுக்கும் தடையாக நிற்கும். பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. எந்த நாட்டு விண்ணப்பத்தை எடுத்தாலும் "இதற்கு முன் எங்காவது மறுக்கப்பட்டதா?" என்றொரு கேள்வி இருக்கும். ஒரு கவுண்டரில் சொன்ன பொய் எல்லாக் கவுண்டருக்கும் கூடவே வரும்.

இனி லண்டன் விஷயம். பிரிட்டனின் சாதாரண விசிட்டர் விசாவில் கலைஞர்கள் சம்பளம் வாங்காமல் வாசிக்கலாம். போக்குவரத்து, தங்கும் செலவு, சாப்பாட்டை அழைத்தவர் ஏற்கலாம். உங்களுக்குத் தொகை பேசியிருப்பதால் இது பொருந்தாது. "சம்பளம்னு போட வேண்டாம், சன்மானம்னு போட்டுக்கிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் தனியாவர்த்தனம் முடிந்ததும் தவில்காரர் சட்டையில் நோட்டைக் குத்திவிடுவது நமக்கு அன்பளிப்பு. முன்கூட்டியே பேசி வைத்த தொகையை எந்தப் பெயரில் எழுதினாலும் விசா அதிகாரிக்கு அது கூலிதான்.

கூலி வாங்கி வாசிக்க நேர்வழி இரண்டு இருக்கின்றன. முதலாவது, அதே விசிட்டர் விசாவுக்குள் இருக்கும் 'அனுமதிக்கப்பட்ட ஊதிய நிகழ்ச்சி' என்ற பிரிவு. முன்பு இது தனி விசாவாக இருந்தது. 2024 ஜனவரி 31 முதல் விசிட்டர் விசாவோடு சேர்த்துவிட்டார்கள். 18 வயது நிரம்பிய தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும். நிகழ்ச்சி புறப்படும் முன்பே உறுதியாகி, அழைப்புக் கடிதத்தோடு விண்ணப்பத்தில் காட்டப்பட்டிருக்க வேண்டும். அங்கே இறங்கிய 30 நாளுக்குள் வாசித்து முடித்துவிட வேண்டும். பத்து நாள் திருவிழாவுக்கு இது தாராளம்.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. இசைக் கலைஞரை அழைப்பது அங்குள்ள கலை நிறுவனமோ, கலை ஏஜெண்டோ, ஒலிபரப்பு நிறுவனமோ ஆக இருக்க வேண்டும் என்கிறது விதி. கோயில் அறக்கட்டளையை 'கலை நிறுவனம்' என்று ஏற்க அதிகாரி தயங்கலாம். கோயில்காரர்கள் அங்குள்ள ஏதாவது இசைச் சங்கத்தையோ பதிவுபெற்ற கலை நிகழ்ச்சி ஏஜெண்டையோ சேர்த்துக்கொண்டு, அழைப்பும் ஒப்பந்தமும் அவர்கள் பெயரில் வந்தால் இந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. உங்கள் ஊர்க்காரரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: அழைப்புக் கடிதம் யார் பெயரில் வரும்?

இரண்டாவது வழி, தற்காலிகப் பணி விசாவில் கலைஞர்களுக்கான பிரிவு. அங்கே ஸ்பான்சர் உரிமம், அதாவது வெளிநாட்டவரை வேலைக்கு அழைக்க அரசு தரும் அனுமதி பெற்றவர் உங்கள் ஆறு பேருக்கும் ஆளுக்கொரு ஸ்பான்சர்ஷிப் சான்று கொடுக்க வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைப் பிரிட்டன் அரசே இணையத்தில் வெளியிடுகிறது. கோயில் பெயர் அதில் இருக்கிறதா, எந்தப் பிரிவில் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். குருக்களை வரவழைக்க வாங்கிய மத ஊழியர் உரிமம் வேறு, கலைஞர் உரிமம் வேறு. இந்த வழியில் போனால் ஆளுக்கு 1,270 பவுண்டு வங்கியில் 28 நாள் இருந்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். அல்லது அந்தப் பொறுப்பை ஸ்பான்சரே ஏற்பதாகச் சான்றில் எழுத வேண்டும். எழுதச் சொல்லுங்கள். அதற்காகக் கடன் வாங்கிக் கணக்கில் போடாதீர்கள்.

பாரிஸ் வேறு கதை. பிரிட்டன் விசா அங்கே செல்லாது, பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தனி. பிரான்சில் கலை நிகழ்ச்சிக்காக மூன்று மாதத்துக்குள் வந்து போகிறவர்களுக்குத் தனி வேலை அனுமதி தேவையில்லை என்பது நமக்குச் சாதகமான விதி. பக்கத்து நாடுகளில் இப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம், வேலை விதி ஒவ்வொரு நாட்டுக்கும் வேறு. பாரிஸ் போனவர்களை "அப்படியே ஜெர்மனி, சுவிஸ் கோயிலிலும் ஒருநாள் வாசித்துவிட்டுப் போங்கள்" என்று கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தில் காட்டாத நாட்டில் கருவியை உறையிலிருந்து எடுக்கக்கூடாது. ஷெங்கன் படிவத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, உறவினர் சந்திப்பு என்று வரிசையாக இருக்கும். அதில் கலாசாரம் என்றும் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போடுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும்.

ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். பிரிட்டனுக்கு மூன்று மாதம் முன்னால்தான் முடியும். ஒரு நேரத்தில் ஒரு தூதரகத்திடம்தான் பாஸ்போர்ட் இருக்கும். அதனால் பாரிஸை முதலில் முடியுங்கள். பங்குனி, சித்திரையில் கொடை ஓட்டம் தொடங்கிவிட்டால் ஆறு பேரையும் ஒரே நாளில் சென்னைக்கு ரயில் ஏற்றுவது எவ்வளவு பாடு என்று உங்களுக்கே தெரியும். கைரேகை கொடுக்க ஒவ்வொருவரும் நேரில் போயாக வேண்டும்.

விசா மறுப்பில் நம் கலைஞர்கள் அதிகம் அடிபடுவது "திரும்பி வருவீர்களா?" என்ற இடத்தில்தான். மாதச் சம்பளச் சீட்டு நம்மிடம் இல்லை. ஆனால் வேறு ஆவணங்கள் இருக்கின்றன, அவற்றை யாரும் எடுத்து வைப்பதில்லை. ஆவணி, புரட்டாசியில் உங்களுக்கு அச்சாரம் கொடுத்த கோயில்கள் எத்தனை? ஒவ்வொரு நிர்வாகியிடமும் தேதி, தொகை எழுதி முத்திரை வைத்த கடிதம் வாங்குங்கள். இந்தக் கடிதங்கள் ஒரு வீட்டுப் பட்டாவை விடப் பலமாகப் பேசும் என்பது என் அனுபவம். கோயிலில் சேவகப் பணி இருந்தால் அந்த உத்தரவு, நெல்லை வானொலியில் வாசித்திருந்தால் தரச் சான்றிதழ், நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டை, கலை வளர்மணி, கலைச்சுடர்மணி மாதிரி மாவட்ட விருது இருந்தால் அதன் நகல், அரசு இசைப்பள்ளிச் சான்று என்று கிடைப்பதையெல்லாம் ஆங்கில மொழிபெயர்ப்போடு சேருங்கள். போன வாரம் திடீரென்று மூன்று லட்சம் ஏறிய பாஸ்புக்கை விட, கொடை மாதங்களில் கூடியும் மார்கழியில் குறைந்தும் இருக்கிற உண்மையான பாஸ்புக்கை நம்புவார்கள்.

ஒற்றைப் பெயர் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் தடையில்லை. ஆனால் டிக்கெட், விசா, ஒப்பந்தம் மூன்றிலும் எழுத்து மாறாமல் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நம் இனிஷியலைப் பெயருக்கு முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் போட்டு வைப்பதில்தான் வம்பு வருகிறது. துபாய் வழியாகத் திரும்பும்போது அங்கேயும் ஒருநாள் தங்கலாம் என்ற எண்ணம் இருந்தால் கவனம்: 2022 நவம்பரிலிருந்து ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா கொடுக்க மறுத்தது, கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்பதாகப் பிறகு தளர்த்தினார்கள். திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராகச் சேர்த்து மறுவெளியீடு வாங்கிவிட்டால் இனி எந்த நாட்டுக்கும் இந்தக் கவலை இல்லை. விசாவுக்குக் கொடுக்கும் முன்பே செய்துவிட வேண்டும்.

எட்டாவது படித்தவருக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாததால் குடியகல்வுச் சோதனை தேவைப்படும் பாஸ்போர்ட், அதாவது இ.சி.ஆர். இருக்கலாம். வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போதுதான் அது குறுக்கே நிற்கும். இந்தப் பயணத்துக்குத் தொல்லையில்லை. மலேசியா என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு அங்கே 30 நாள் விசா இல்லாமல் நுழையலாம் என்றதும், தைப்பூசத்துக்கு வாசிக்கவும் அப்படியே போகலாம் என்று நம் ஆட்கள் கிளம்புகிறார்கள். அந்தச் சலுகை சுற்றிப் பார்க்க. வெளிநாட்டுக் கலைஞர் மேடை ஏற, அழைப்பவர் அங்குள்ள புஸ்பால் என்ற அரசு அமைப்பிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

கருவிகள். கையோடு கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவரும் இசைக் கருவிகளுக்குப் பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் தனிச் சுங்கப் பத்திரம் தேவைப்படுவதில்லை, சுங்கத்தில் அறிவிக்க ஒன்றுமில்லாதவர்கள் போகும் பச்சை வழியாகவே போகலாம். ஏ.டி.ஏ. கார்னெட் என்ற அந்தச் சுங்கப் பத்திரத்துக்கு ஏஜெண்ட் பணம் கேட்டால் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். சவுண்ட் செட், ஸ்பீக்கர் என்று சரக்காக அனுப்புகிறவர்களுக்குத்தான் அது அதிகம் தேவை. நீங்கள் மறக்கக் கூடாதது, இங்கிருந்து புறப்படும்போது நம் சுங்கத்துறையிடம் கருவிகளைக் காட்டி வாங்கும் ஏற்றுமதிச் சான்று. திரும்பி வரும்போது வெள்ளிப் பூண் போட்ட நாகசுரத்தைப் பார்த்து "இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் அந்தத் தாள்தான் பதில்.

நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிகளின் கொத்தை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கருவியில் கட்டித் தொங்கும் கயிற்றில் சீவாளிகளோடு ஒரு சிறு ஊசியும் இருக்கும். பழைய வீடுகளில் அது தந்தத்தில் செய்ததாக இருக்கும். மஞ்சள் பாரித்து, கைபட்டு வழவழவென்று. எனக்குத் தெரிந்த வித்வான் ஒருவர் தாத்தா காலத்து ஊசியோடு போய், வெளிநாட்டுச் சுங்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று, ஊசியைப் பறிகொடுத்து, இணைப்பு விமானத்தையும் தவறவிட்டார். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஆசிய யானை இருக்கிறது. எவ்வளவு சிறிய துண்டும் தந்தம்தான். வீட்டில் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, வெண்கல ஊசி ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் நாகசுரம் ஆச்சா மரமென்றால் பயமில்லை. யாரிடமாவது ஈட்டி மரக் கருவி இருந்தால், அந்த மர இனம் சைட்ஸ் பட்டியலில் இருந்தாலும் முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரிலிருந்து விலக்கு உண்டு.

தவிலில் தோல் இருப்பதை மறைக்க வேண்டாம். கேட்டால் ஆட்டுத்தோல், எருமைத்தோல் என்று சொல்லுங்கள். முடி ஒட்டியிருக்கும் பச்சைத் தோலை மாற்றுத் தோல் என்று மூட்டையில் வைக்காதீர்கள். பதப்படுத்திச் சுத்தம் செய்த தோல் மட்டும் போதும். விமானத்தின் அடியில் ஏற்றும் முன் வாரைத் தளர்த்திவிட்டு, தவிலின் இரண்டு முகங்களான தொப்பிக்கும் வலந்தலைக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுங்கள். தவில் உறைக்குள் காகிதம் எதையும் வைக்காதீர்கள். ஒப்பந்தம், அழைப்புக் கடிதம், திரும்பும் டிக்கெட், அச்சாரக் கடிதங்கள் ஆறு பேரின் கைப்பையிலும் ஒவ்வொரு நகல் இருக்க வேண்டும். லண்டனிலிருந்து பாரிஸுக்கு ரயிலில் போனால் பிரெஞ்சு அதிகாரிகளின் சோதனை லண்டன் நிலையத்திலேயே நடக்கும், ஆகவே அன்று காலையும் அந்தப் பை தோளிலேயே இருக்கட்டும்.

கவுண்டரில் ஆங்கிலம் தெரியாமல் தலையாட்டுவது ஆபத்து. "தமிழ்" என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைப் போனில் தருவார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். என்ன வேலையாக வந்தீர்கள், யார் பணம் தருகிறார்கள், எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று நாலு கேள்விதான் பெரும்பாலும் வரும். புறப்படும் முன் ஒருநாள் சாயங்காலம் ஆறு பேரும் உட்கார்ந்து ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துவிடுங்கள். தாளக்காரரையும் கூப்பிடுங்கள். எப்போதும் அவரிடம்தான் விவரம் சொல்லாமல் விட்டுவிடுகிறோம், அங்கே முதலில் கேட்பதும் அவரையாகவே இருக்கும்.