கிரவுண்ட் காலில் ஈயம் உருகவில்லையா? சால்டரிங் அயர்னை மாற்றுங்கள்

வணக்கம் நண்பரே. ஆம்ப்ளிஃபயர் போர்டில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் உடனே விடுகிறது, கிரவுண்ட் (மைனஸ்) கால் மட்டும் அசையவில்லை, 25 வாட் சால்டரிங் அயர்னை (ஈயம் பற்றவைக்கும் கருவியை) அழுத்திப் பிடித்ததில் பேடு (கால் பற்றவைக்கப்படும் செம்புத் தகடு) பெயர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கையில் குறையில்லை. கிரவுண்ட் கால் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருக்கும். கொடுக்கிற சூட்டை அது இழுத்துக்கொள்ளும். ஈயம் உருகுமுன் பேடை ஒட்டியிருக்கும் பசை விட்டுவிடுகிறது.

60 வாட்டுக்குக் குறையாமல், வெப்பக் கட்டுப்பாடு உள்ளதாக வாங்குங்கள். வாட் கூடினால் போர்டு கருகும் என்று பயப்பட வேண்டாம். வெப்பநிலை நீங்கள் வைத்த இடத்தில் நிற்கும். வாட் என்பது இழந்த சூட்டை எவ்வளவு சீக்கிரம் ஈடுகட்டும் என்பதுதான். பட்ஜெட் இடம் கொடுத்தால் டி12 வகை முனை போடும் சால்டரிங் ஸ்டேஷன் (கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வரும் அயர்ன்) எடுங்கள். அதில் ஹீட்டரும் சென்சாரும் முனைக்குள்ளேயே இருப்பதால் சட்டென்று ஈடுகொடுக்கும். மூன்று பின் பிளக் அவசியம்.

ஊசி முனை இந்த வேலைக்கு ஆகாது, 2.4 மி.மீ. உளி முனை போடுங்கள். 63/37 ஈயம் (63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்தது) 183 டிகிரியில் உருகும். 350 வைத்தால் போதும். கழற்றும் முன் கொஞ்சம் ஃபிளக்ஸும் (ஈயம் நன்றாகப் பரவ உதவும் பசை) புது ஈயமும் சேருங்கள், சூடு நன்றாக இறங்கும்.

அப்புறம், கறுத்த முனையை உப்புத்தாளால் தேய்த்ததாகச் சொன்னீர்களே, இனி அதைச் செய்யாதீர்கள். மேலிருக்கும் இரும்புப் பூச்சு போனால் உள்ளிருக்கும் செம்பு ஈயத்தில் கரைந்து முனை குழிந்துவிடும். என் முதல் அயர்ன் அப்படித்தான் வீணானது. பித்தளைச் சுருளில் துடைத்து, ஈயம் பூசிய பிறகு அணையுங்கள்.

பெயர்ந்த பேடுக்குப் பதில் ஒரு மெல்லிய கம்பியால் காலை அருகிலுள்ள கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைத்தால் போர்டு பிழைத்துவிடும்.