ஒரே ஓவனில் எட்டுப் பேருக்கு இலையுதிர்கால விருந்து

டொரொன்டோ அடுக்ககத்தில் ஒரே ஓவனை வைத்துக்கொண்டு, அக்டோபரில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) விழா வார இறுதியில் எட்டுப் பேருக்கு, அவர்களில் மூவர் சைவம் என்ற நிலையில், எல்லாவற்றையும் எப்படிச் சூடாகப் பரிமாறுவது என்று கேட்டிருந்தீர்கள்.

முழு வான்கோழியை விட்டுவிடுங்கள். அது ஓவனைப் பல மணி நேரம் பிடித்துக்கொள்ளும். எலும்புள்ள கோழித் தொடைகள் 200 பாகை செல்சியஸில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும்; சதையின் உட்பகுதியில் வெப்பமானி 74 பாகை காட்டினால் எடுத்துவிடலாம். அந்த நேரத்தில் காளானும் பார்லியும் சேர்ந்த சைவ உணவு அடுப்பின்மேல் தனியாக வேகட்டும்.

தொடக்கத்தில் பூசணி சூப்பை எல்லோருக்கும் பொதுவாக வையுங்கள். பட்டர்நட் பூசணியை முந்தைய நாளே நெடுக்காகப் பிளந்து, வெட்டிய பக்கம் தட்டில் படும்படி கவிழ்த்துச் சுட்டால், தோல் சீவும் பாடில்லாமல் சதையைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம். வதக்கிய வெங்காயத்தோடும் இஞ்சியோடும் அரைத்துக் குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் சூடாக்கியபின் கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். அதற்குமேல் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். கோழிச்சாற்றுக் கட்டியைப் பழக்கதோஷத்தில் அதில் போட்டுவிடாதீர்கள்.

மேசைக்கு மெழுகுவர்த்தி நல்லதுதான், ஆனால் வாசனையில்லாததாக வாங்குங்கள். லவங்கப்பட்டை மணக்கும் மெழுகு சூப்பின் மணத்தை அமுக்கிவிடும்.