புலி ஆராய்ச்சிக்கு என்ன படிக்கலாம்? ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. "டாக்டருக்குப் படிப்பாள் என்று பார்த்தால் புலி பின்னால் போகிறேன் என்கிறாள்" என்று உங்கள் மகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள். இந்த வேலையில் இருப்பவர்கள் புலியை நேரில் பார்ப்பதே அபூர்வம்.

சத்தியமங்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013-ல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு. தமிழ்நாட்டில் 2018 கணக்கெடுப்பில் 264 புலிகள், 2022-ல் 306. எப்படி எண்ணுகிறார்கள்? காட்டுப் பாதையின் இரு பக்கமும் ஏறக்குறைய முழங்கால் உயரத்தில் எதிரெதிராகத் தானியங்கி கேமராக்களைக் கட்டுவார்கள். புலியின் இடப்பக்க வரி வேறு, வலப்பக்க வரி வேறு. இரண்டும் கிடைத்தால்தான் இது இன்ன புலி என்று உறுதியாகச் சொல்லலாம். கேமரா முன்னால் இருக்கும் புல்லைச் செதுக்காமல் விட்டால், வெயிலில் அது ஆடும்போதெல்லாம் படம் எடுத்து பேட்டரி தீர்ந்துவிடும். சிலந்தி வலையைத் துடைப்பது, மெமரி கார்டு மாற்றுவது, உண்ணிச்செடிப் புதருக்குள் நுழைந்து வருவது எல்லாம் இதில் சேர்த்தி. பிறகு மாதக்கணக்கில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும். படத்தில் சிக்காத புலிகளையும் சேர்த்துக் கணிக்கும் முறையை கர்நாடகத்தின் நாகரஹொளே காட்டில் செய்து காட்டியவர் புலி ஆராய்ச்சியாளர் உல்லாஸ் காரந்த். அது முழுக்க முழுக்கப் புள்ளியியல்.

அதனால் மகளிடம் முதலில் கேளுங்கள்: கணக்கு பிடிக்குமா? "உயிரியல் உயிர், கணக்கு என்றால் காத தூரம்" என்றால் இந்தத் துறையில் பாதி வழியில் திணறுவாள்.

இளங்கலையில் விலங்கியல், தாவரவியல் அல்லது புள்ளியியல் எடுக்கட்டும். மேட்டுப்பாளையம் வனக்கல்லூரியில் வனவியலும் நல்ல தேர்வு. இவற்றில் எதைப் படித்தாலும் ஐ.எஃப்.எஸ். (இந்திய வனப் பணி) தேர்வு எழுதலாம், உங்களுக்கு அரசு வேலைதான் நிம்மதி என்பதால் சொல்கிறேன். நீட் மதிப்பெண்ணை வீணாக்க வேண்டாம் என்றால், மதிப்பெண் ஒத்துவந்தால் அகில இந்திய ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம் இருக்கிறது. டாக்டர் ஆசையும் கொஞ்சம் தீரும்!

முதுகலைக்கு டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) இரண்டும் முன்வரிசை, இடங்கள் சொற்பம், போட்டி கடுமை. நம் பக்கத்தில் மயிலாடுதுறை மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியும் வன உயிரியலுக்குப் பெயர்பெற்றவை. பெயருக்காக மட்டும் தூரத்துக் கல்லூரியைத் தேடி ஓடாதீர்கள்.

சம்பளத்தை மறைக்க மாட்டேன். ஆராய்ச்சித் திட்டங்களில் ஆரம்பச் சம்பளம் குறைவு, வேலையும் ஒப்பந்தம்தான். திட்டம் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். முதுகலைக்குப் பிறகு எழுதும் தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை) வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு முனைவர் பட்டம் செய்யலாம். ஐ.எஃப்.எஸ். என்றால் தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100. ஆனால் அது நிர்வாக வேலை. ஆராய்ச்சிக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்.

பாதுகாப்பு? காட்டில் வேலை செய்கிறவர்களுக்குப் புலியைவிட யானையிடம்தான் பயம். புதிதாகச் சேர்ந்தவர்களைத் தனியாக அனுப்பமாட்டார்கள்; காட்டின் போக்கு தெரிந்த வேட்டைத் தடுப்புக் காவலர்கள் கூடவே வருவார்கள். அவர்களில் பழங்குடியினர் பலர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாததை அவர்களிடம்தான் கற்றுக்கொள்வாள்.

கல்லூரி விண்ணப்பத்துக்கு முன், வனத்துறை நடத்தும் பறவைக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகச் சேர முடியுமா என்று விசாரியுங்கள். விடியற்காலையில் எழுந்து, பசியோடு நடந்து, பார்த்ததைப் படிவத்தில் ஒழுங்காக எழுதி வருகிறாளா என்று பாருங்கள். அதன்பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.