தாராவி அக்கா பதில்கள்: மீசை மட்டும் மிஞ்சிய போட்டோ பாஸ்

(தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் இட்லி அவித்து விற்கும் குடும்பத்துப் பெண்மணி, இருபது வருடமாகத் தன் சந்தின் குடியிருப்போர் குழுவில் இருப்பவர். மும்பை வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் அவர் பதில் எழுதுகிறார்.)

அக்கா, நான் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கே அநியாயம் நடந்தாலும் உடனே எழுதிப் பகிர்கிறேன். "இதெல்லாம் அரசியலா?" என்று நண்பன் கேலி செய்கிறான்.
ஒரு தம்பி, செம்பூர்

அரசியல்தான் தம்பி. ஆனால் பாதி வெந்த இட்லி. குச்சியால் குத்திப் பார்த்தால் மாவு ஒட்டும்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் லேப்டாப்போடு இங்கே வாருங்கள். எங்கள் சந்தில் நாற்பது வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து, பேர் போட்டு, அவரவர் போனில் ஏற்றித் தர ஆள் வேண்டும். டீ உண்டு. இட்லி காலையிலேயே தீர்ந்துவிடும்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்காக சர்வேக்காரர்கள் வந்து கதவில் நம்பர் எழுதிவிட்டுப் போனார்கள். வீடு, இறந்துபோன மாமனார் பேரில். லைட் பில் கணவர் பேரில். மாடியில் கொழுந்தனார் குடும்பம். ஏதோ ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?
வாசகி, தாராவி கிராஸ் ரோடு

படிக்காத பேப்பரில் போடாதே தங்கச்சி. மராத்தியில் இருந்தால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை உட்கார வைத்துச் சத்தமாகப் படிக்கச் சொல். காலியாக விட்ட இடம் இருந்தால் அதில் குறுக்கே ஒரு கோடு இழு. கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி எழுது. கொடுக்கும் முன்னால் போனில் ஒரு போட்டோ. வந்த ஆள் அவசரப்படுத்தினால், "அடுப்பில் வேலை இருக்கிறது, நாளைக்கு வாங்க" என்று சொல். அவர் நாளைக்கும் வருவார். அவருக்கும் அது வேலைதானே.

அப்புறம், திட்டத்தில் யாருக்கு என்ன வீடு என்ற கணக்கு. 2000 ஜனவரி 1-க்கு முன்னால் தரைத் தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி, காசில்லாமல். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி, இரண்டரை லட்சம் கட்டவேண்டும். மாடியில் இருப்பவர்களுக்கு, 2022 நவம்பர் 15 வரை இருந்ததாகக் காட்டினால், வெளியே வாடகை வீடு. தவணை கட்டிப் பிறகு சொந்தமாக்கிக்கொள்ளலாம். அதாவது உன் வீட்டில் நிற்கிற அந்த இரும்பு ஏணி இருக்கிறதே, அதற்குக் கீழே நீ பாத்ர், அதாவது தகுதி உள்ளவள்; மேலே உன் கொழுந்தனார் அபாத்ர், தகுதி இல்லாதவர். ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் அப்படித்தான். இது நியாயமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் கொடுப்போம். ஆனால் எழுதிக் கொடுக்கவே முதலில் காகிதம் வேண்டும். மாமனாரின் இறப்புச் சான்றிதழ், வாரிசு விவரம், 2000-க்கு முந்திய வாக்காளர் பட்டியலில் அவர் பேர் இருக்கிற பக்கத்தின் சான்றிட்ட நகல், பழைய லைட் பில், ரேஷன் கார்டு, போட்டோ பாஸ் என்கிற படம் ஒட்டிய குடிசை அடையாள அட்டை. கொழுந்தனார் தன் காகிதங்களைத் தனியாக ஒரு கவரில் போட்டு வைக்கட்டும். அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறியும் நாளில் கவர் கலந்து கிடந்தால் பெரிய வம்பு. நான் பார்த்திருக்கிறேன்.

காகிதம் காகிதம் என்று ஏன் உயிரை வாங்குகிறேன் என்றால், 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரிந்த அளவு, கட்டில் சட்டம் வரைக்கும். கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை இரண்டு நாள் கழித்துத் திறந்தால், எல்லாம் ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு, மித்தி ஆற்றின் நாற்றத்தோடு இருந்தது. இட்லித் துணியை விரித்து, வெதுவெதுப்பான கொப்பரை மூடிமேல் வைத்து, வாழைப்பூ மடல் பிரிப்பது மாதிரி ஒவ்வொன்றாகப் பிரித்தேன். ரேஷன் கார்டு பிழைத்தது. போட்டோ பாஸில் என் கணவர் முகம் கரைந்து மீசை மட்டும் நின்றது. அதை ஒரு ஆபீஸில் நீட்டினேன். "யார் இது?" என்றார் குமாஸ்தா. என் கணவர் பக்கத்திலேயே நிற்கிறார், அதே மீசையோடு. அவரைக் காட்டினேன். "ஆளைக் காட்டாதீங்க, பேப்பரைக் காட்டுங்க" என்றார். நகல் வாங்க ஒன்றரை வருடம் ஆனது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாம் மூன்று பிரதி: பெட்டியில் ஒன்று, ஊரில் தங்கச்சி வீட்டில் ஒன்று, மகன் போனில் ஒன்று.

சர்வேயையே புறக்கணிக்கலாமா என்று அடுத்து கேட்பாய். எங்கள் குழுவுக்குள்ளேயே இதில் சண்டைதான். கதவைச் சாத்தினால் தங்களுக்கே பலம் என்று பாதிப் பேர். கணக்கில் பேர் இல்லாதவனுக்கு நாளைக்கு வாதாடவும் இடமில்லை என்பது என் கட்சி. எண்ண விடு, எண்ணியதை எழுதி வாங்கு, தப்பாக இருந்தால் கூட்டமாகப் போய் ஆட்சேபம் கொடு.

தாராவியை மாற்றவே கூடாது என்கிறீர்கள். அசுத்தத்திலேயே கிடக்க ஆசையா? போதாக்குறைக்கு உங்களை எங்கள் பக்கம் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இங்கே இருக்கிற கூட்டம் போதாதா?
வாசகர், முலுண்டு

அண்ணாச்சி, ஆசையா? இந்த வயதில் மூட்டுவலியோடு பொதுக் கழிப்பறைக்கு விடியும் முன்னால் வரிசையில் நிற்கிறேன். வீடு வேண்டாம் என்று எந்தக் கூட்டத்திலும் நான் பேசியதில்லை. என்ன நிபந்தனை, யார் முடிவு செய்தது, எங்களைக் கேட்டார்களா, இதுதான் பேச்சு.

2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடிக்குத் திட்டத்தை எடுத்தது. அதற்கு முந்திய டெண்டரில் 7,200 கோடி சொன்ன துபாய் கம்பெனிக்குக் கிடைக்கவில்லை. அரசு அந்த டெண்டரை ரத்து செய்து வேறு நிபந்தனையில் புதிதாக விட்டது. அவர்கள் போட்ட வழக்கை 2024 டிசம்பரில் ஹைகோர்ட் தள்ளிவிட்டது. சரி, அது பணக்காரர்கள் சண்டை. திட்டக் கம்பெனியில் நூற்றுக்கு 80 பங்கு குழுமத்துக்கு, 20 அரசுக்கு. இத்தனை வருடம் சதுப்பு நிலத்தை மேடாக்கி, தோல் பதனிட்டு, பானை வனைந்து, முறுக்குச் சுற்றி அந்த நிலத்துக்கு விலை ஏற்றியவர்களுக்கு இதில் எத்தனை பங்கு? இதை நான் கேட்டால் வளர்ச்சிக்கு எதிரி.

என் வீட்டைச் சொல்கிறேன். பத்துக்குப் பதினைந்து. ராத்திரி இரண்டு மணிக்கு கிரைண்டர் ஓடும். மூன்று மணிக்கு முதல் ஈடு. ஐந்து மணிக்கு மகன் சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டி, பாம் பாம் என்று ஹாரன் அடித்துக்கொண்டு மாஹிம் பக்கம் போய்விடுவான். 350 சதுர அடி இதைவிட இரண்டு பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்தாவது மாடியில் ராத்திரி இரண்டு மணிக்கு கிரைண்டர் போட்டால் கீழ்வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? லிஃப்ட் நின்றால் நானூறு இட்லியும் சாம்பார் தூக்கும் எப்படி இறங்கும்? எங்களுக்கு குமாஸ்தா லைசென்ஸ், அதாவது கடைப் பதிவுச் சான்று, கிடையாது. அதனால் நாங்கள் கடைக் கணக்கில் வரமாட்டோம். வெறும் வீட்டுக் கணக்கு. அடுப்பு எந்தக் கணக்கிலும் இல்லை.

உங்கள் பக்கத்து விஷயம். காஞ்சூர், பாண்டுப், முலுண்டு உப்பளங்களில் சுமார் 256 ஏக்கர், தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கர் என்று பேச்சு. நீங்கள் வராதே என்கிறீர்கள், நாங்கள் வரமாட்டோம் என்கிறோம். இதில் சண்டைக்கு என்ன இருக்கிறது? ஒரே மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடலாம். "கூட்டம்" என்ற வார்த்தையை மட்டும் அதில் எடுத்துவிடுங்கள்.

எங்கள் சந்தில் கழிப்பறை மூன்று மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது?
வாசகர், ஆன்டாப் ஹில்

சண்டை அப்புறம். முதலில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் வாங்குங்கள்.

நான் போட்ட முதல் தகவல் உரிமை மனு மூன்று பக்கம். "ஏழைகள் என்றால் இளக்காரமா?" என்று ஆரம்பித்து, என் கல்யாணத்திலிருந்து எல்லாக் கதையும் எழுதியிருந்தேன். அப்படியே திரும்பி வந்தது. மகாராஷ்டிரத்தில் 2012-லிருந்து மனு 150 வார்த்தைக்குள் இருக்கவேண்டும், ஒரே ஒரு விஷயம்தான் கேட்கலாம். 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. காகிதத்தைக் கேட்டால் வரும். இந்தக் கழிப்பறையின் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல், ஒப்பந்தக்காரர் பேர், இந்த வருடம் கொடுத்த பில்களின் நகல் என்று கேளுங்கள். மராத்தி, இந்தி, இங்கிலீஷ் எதிலும் எழுதலாம். தமிழில் இங்கே முடியாது. 30 நாளில் பதில் இல்லையென்றால் இருபது ரூபாய் ஸ்டாம்போடு முதல் மேல்முறையீடு.

ஒரு ஆள் போடாதீர்கள். பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு விஷயமாகப் பத்து மனு போடுங்கள். எங்கள் சந்தில் அப்படிப் போட்டபோது பதில் வரும் முன்னால் பூட்டு திறந்துவிட்டது.

சட்டம் படிக்கிறேன். மும்பைக் குடிசைவாசிகளின் போராட்ட வரலாற்றில் நம் ஆட்கள் எங்கே?
மாணவி, சயான்

1940 ஜனவரியில் பெரியார் பம்பாய் வந்து அம்பேத்கரைப் பார்த்தது எல்லாருக்கும் தெரியும். நீ கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். உன் பாடத்திலேயே ஒருவர் இருக்கிறார், பார். ஓல்கா டெல்லிஸ் வழக்கின் தீர்ப்பை எடு. பத்திரிகையாளர் பேரில் வழக்கு நடந்ததால் அந்தப் பேரே நின்றுவிட்டது. மனுதாரர்களில் ஒருவர் சேலத்துக்காரர். நிலமில்லாத கூலி. ஊரில் வறட்சி. 1961-ல் பம்பாய் வந்தார். தஹிசரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் தினக்கூலி 23 ரூபாய். வெஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கேன்வாஸும் போட்ட ஒரு மறைப்புக்கு பேட்டை தாதா அவரிடம் பிடுங்கியது 2,500 ரூபாய். உள்ளே மனைவி, மூன்று பெண் பிள்ளைகள்.

1981 ஜூலை. நல்ல மழைக்காலம். நடைபாதைக்காரர்களை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பச் சொல்கிறார் முதலமைச்சர் அந்துலே. 23-ம் தேதி அந்த வீட்டை இடித்து, குடும்பத்தைச் சேலத்துக்கு பஸ் ஏற்றினார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஊரில் தங்கினார்கள். அவர் திரும்பி வந்து இன்னொரு நடைபாதையில் ஒண்டினார். வேலை இங்கேதானே இருக்கிறது?

1985 ஜூலை 10 தீர்ப்பில், வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது சுப்ரீம் கோர்ட். அதே தீர்ப்பு, நடைபாதையில் குடியிருக்க உரிமை இல்லை, முறையாக நோட்டீஸ் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. மழை முடியட்டும் என்று அக்டோபர் 31 வரை தவணை. 1976 கணக்கெடுப்பில் அட்டை வாங்கியவர்களுக்கு மாற்று இடம். அப்போதும் அட்டைதான், பார்த்தாயா? முதல் வரியை மட்டும் மேடையில் சொல்பவர்கள் நிறையப் பேர். பரீட்சையில் இரண்டையும் எழுது.

"மராத்தி பேசு" என்று கடையில் மிரட்டினால் என்ன செய்வது?
ஒரு தம்பி, மாஹிம்

மராத்தியில் பதில் சொல். நம்முடைய பாத்ர் அபாத்ர் எல்லாமே அந்த மொழியில்தான் எழுதப்படுகிறது. தெரியாமல் இருந்தால் நமக்குத்தான் நஷ்டம். என் மராத்தி திருநெல்வேலி மராத்தி. ஆபீஸில் சிரிக்கிறார்கள், ஆனால் உட்காரச் சொல்கிறார்கள்.

ஆனால் அறைவதற்கு எவனுக்கும் உரிமை கிடையாது. 1966-ல் சிவசேனா ஆரம்பித்த காலத்தில் 'லுங்கி ஹடாவ்' என்று நம்மை விரட்டியதை என் அப்பா கடை ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளேயிருந்து கேட்டவர். 2025-ல் ஒன்றாம் வகுப்பிலேயே இந்தி என்று அரசு ஆணை போட்டு, எதிர்ப்பு வந்து, ஜூன் 29-ல் வாபஸ் வாங்கியதே, அப்போது எதிர்த்தவர்கள் பக்கம்தான் நான் நின்றேன். பழைய கணக்கை மறந்து அல்ல. திணிப்பு யார் தலையில் விழுந்தாலும் திணிப்புதான். பானிபூரி விற்கிற பிகார் பையனை அறைவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எங்கள் பஸ்தி (குடிசைக் குடியிருப்பு) கூட்டத்துக்குக் கணவர்தான் போகிறார். நான் போனால், "பொம்பளைக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள்.
வாசகி, மாட்டுங்கா லேபர் கேம்ப்

வீடு கணவன் மனைவி இரண்டு பேர் பேரிலும்தான் வரவேண்டும், குடிசை மாற்று விதியிலேயே இருக்கிறது. பாதி வீட்டுக்காரி நீ. அதுதான் வேலை என்று சொல்.

எங்கள் சந்தில் முன்னெல்லாம் கூட்டம் ராத்திரி எட்டு மணிக்கு. எட்டு மணிக்கு எந்தப் பெண் அடுப்பை விட்டு வருவாள்? மத்தியானம் மூன்று மணிக்கு மாற்றச் சொன்னேன். ஆண்கள் வேலைக்குப் போகிற நேரம் என்று கத்தினார்கள். அப்படியானால் ஒரு வாரம் உங்களுக்கு, ஒரு வாரம் எங்களுக்கு என்றேன். எங்கள் வாரத்தில் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிகிறது. தண்ணீர் வருகிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டுமே.

நீங்களே கார்ப்பரேஷன் தேர்தலில் நிற்கலாமே?
வாசகர், கோலிவாடா

2017-ல் தேர்ந்தெடுத்த 227 கவுன்சிலர்களின் காலம் 2022 மார்ச்சில் முடிந்து, அதற்கப்புறம் மூன்று வருடத்துக்கு மேல் தேர்தலே வைக்காமல் ஓட்டினார்கள். அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் தைரியமாக "நிற்கிறேன்" என்று சொல்லியிருப்பேன்.

நிற்பதில் பிரச்சினை இல்லை அண்ணாச்சி. மூன்று மணிக்கு மாவை யார் ஊற்றுவது? மருமகளிடம் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சின்னம் இட்லிக் கொப்பரை கிடைக்குமா என்று மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறான்.