ஷாத்தோ வளாகத்தில் ஒரு வாரம்: வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம்.

வரும் ஜூலையில் பிரான்ஸ் போகிறோம். மொத்தம் எட்டுப் பேர்: எழுபதைத் தாண்டிய மாமனார் மாமியார், இரண்டு தம்பதிகள், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் குழந்தைகள். லுவார் பகுதியில், தூர் நகருக்குப் பக்கத்தில், ஷாத்தோ எனப்படும் பழைய பிரபு மாளிகை ஒன்றின் வளாகத்துக்குள் இரண்டு வீடுகள் பேசியிருக்கிறோம். ஒன்று முன்னாள் குதிரை லாயம், மற்றது தோட்டக்காரர் வீடு. சனி முதல் சனி வரை. பொது நீச்சல் குளம் உண்டு. படங்கள் கண்ணைப் பறிக்கின்றன. முன்பணம் கட்டுமுன் என்னென்ன கேட்க வேண்டும்? சமையலை நாங்களே பார்த்துக்கொள்ள முடியுமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

படத்தில் தெரிவது ஷாத்தோ. நீங்கள் தங்கப்போவது லாயத்தில். விடுமுறைக்கு வாடகைக்கு விடும் இப்படிப்பட்ட வீட்டை அங்கே ஜீத் என்பார்கள். குதிரைக்கும் வேலையாளுக்கும் கட்டிய இடத்தில் தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் பிற்பாடு நுழைந்தவை. தொல்லை வந்தால் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும்.

முதலில் வெந்நீர். இப்படிப்பட்ட வீடுகளில் பல இடங்களில் 150, 200 லிட்டர் மின்சாரக் கொதிகலன்தான் இருக்கும். மலிவுக் கட்டண நேரத்தில் மட்டும், பெரும்பாலும் இரவில், அது சூடாகும். நான்கு பேர் காலையில் தாராளமாகக் குளித்தால் ஐந்தாமவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். ஃபியூஸ் பெட்டியில் கொதிகலனுக்கென்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: 0, ஆட்டோ, 1 என்று மூன்று நிலை. 1-க்குத் தள்ளினால் பகலிலும் சூடாகும், ஆனால் சில மணி நேரம் பிடிக்கும். போய் இறங்கியதும் அது 0-வில் கிடக்கிறதா என்று பாருங்கள். முந்தைய விருந்தினர் போனபின் அணைத்துவிட்டு மறந்திருப்பார்கள்.

அடுத்து மின்சாரம். கிராமத்து வீடுகளுக்கு 6 அல்லது 9 கேவிஏ (ஒரே நேரத்தில் இழுக்கக்கூடிய மின்சாரத்தின் அளவு) இணைப்பு சாதாரணம். 6 என்றால் 30 ஆம்பியர். இண்டக்‌ஷனில் இரண்டு அடுப்பு முழு வேகத்தில் எரியும்போது ஓவனையும் கெட்டிலையும் போட்டால் மெயின் விழுந்துவிடும். எத்தனை கேவிஏ, மெயின் சுவிட்ச் எங்கே என்று இப்போதே கேளுங்கள். இரவு எட்டு மணிக்கு டார்ச் பிடித்துத் தேடுகிற வேலை மிச்சம்.

தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் நம் அலுமினியக் குக்கர் இண்டக்‌ஷனில் சூடேறாது. அடியில் காந்தம் ஒட்டினால்தான் ஆகும். இண்டக்‌ஷன் அடி வைத்த எவர்சில்வர் குக்கரை எடுத்துப்போங்கள். மிக்ஸிக்கு அங்கும் 230 வோல்ட்தான், ஆனால் நம் மூன்று முள் பிளக் நுழையாது, அடாப்டர் வேண்டும். நெய், பால்கோவா கொண்டுபோகாதீர்கள். வெளிநாட்டிலிருந்து பயணிகள் பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. உப்பில்லாத வெண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்கும், உருக்கிக்கொள்ளுங்கள். பாரிஸ் வழியாகப் போனால் லா ஷப்பேல் பக்கம் ஈழத்தமிழர் கடைகளில் இட்லி அரிசி முதல் எல்லாம் வாங்கலாம். வளாகத்தில் செப்டிக் டேங்க் இருந்தால் தாளித்த எண்ணெயையும் ஈரத் துடைப்புத் தாளையும் வடிகாலில் விடாதீர்கள். அடைத்துக்கொண்டால் இரண்டு வீடும் சேர்ந்து நாறும்.

குளத்தைப் பற்றிக் கறாராகக் கேளுங்கள். 2003-ம் ஆண்டுச் சட்டப்படி தரையில் பதித்த குளத்துக்கு வேலி, அலாரம், மூடி, கூடாரம் ஆகிய நான்கில் ஒன்று கட்டாயம். அலாரம் என்பது குழந்தை தண்ணீரில் விழுந்தபின் அலறுவது. சட்டத்துக்கு அது போதும், மூன்று வயதுக் குழந்தையின் தாய்க்குப் போதாது. தானே மூடிக்கொள்ளும் கதவோடு வேலி இருந்தால் மட்டும் சம்மதியுங்கள். பொதுக் குளம் என்றால் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் போவதும் நடக்கும்.

மாமனார் மாமியாருக்குத் தரைத்தளப் படுக்கையறை உண்டா? லாயத்தில் மாடி என்பது பழைய வைக்கோல் பரண். படி செங்குத்தாக இருக்கும், கைப்பிடி ஒரு பக்கம்தான். ஏசியை எதிர்பார்க்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலும் அதன் சுற்றுவட்டத்திலும் வெளித்தோற்றத்தைத் தொட அனுமதி வேண்டும் என்பதால் சுவரில் ஏசிப் பெட்டி மாட்டுவது லேசல்ல. வெயில் ஏறுமுன் ஜன்னலையும் மரக்கதவையும் சாத்திவிட்டு, இரவில் திறந்துவிடுங்கள். தடித்த கல்சுவர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் பரண் அறை மட்டும் வேகும்.

ஒப்பந்தத்தில் முன்பணம் 'ஆர்' (arrhes) என்று எழுதியிருக்கிறதா, 'அகோந்த்' (acompte) என்றா? ஆர் என்றால் நீங்கள் ரத்து செய்தால் அந்தப் பணத்தோடு போயிற்று. உரிமையாளர் ரத்து செய்தால் இரட்டிப்பாகத் தர வேண்டும். அகோந்த் என்றால் இருவருமே கட்டுப்பட்டவர்கள், முழு வாடகையையும் கேட்க இடமுண்டு. விசா கைக்கு வராத நிலையில் ஆர்தான் உங்களுக்கு நல்லது. எட்டுப் பேர் பெயரும் ஒப்பந்தத்தில் வரட்டும், விசாவுக்குத் தங்குமிடச் சான்றாகவும் காட்டலாம். படுக்கை விரிப்பு, துண்டு, கடைசிநாள் சுத்தம் வாடகையில் சேர்ந்தவையா என்றும் கேளுங்கள். பல இடங்களில் தனிக்கணக்கு.

ஜூலை சனிக்கிழமையில் பாரிஸிலிருந்து காரில் கிளம்ப வேண்டாம். பாதி நாடு அன்றுதான் விடுமுறைக்குக் கிளம்பும். ஏ10 நெடுஞ்சாலை நகராது. ரயிலில் தூர் நகரை ஒட்டிய சென்-பியர்-தே-கோர் நிலையம் வரை போய் அங்கே கார் எடுங்கள். வாடகைக் கார் அலுவலகம் சனி மதியத்துக்கு மேல் திறந்திருக்குமா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏழு இருக்கை வண்டியில் கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பெட்டிக்கு இடமில்லை, ஆகவே இரண்டு கார். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இந்திய லைசென்ஸோடு சர்வதேச அனுமதிப் புத்தகமும், இரண்டு குழந்தைகளுக்கும் தனி இருக்கையும் தேவை. கிராமக் கடைகள் ஞாயிறு மதியத்தோடு மூடும், பல திங்களும் திறக்காது. பால், அரிசி, காய்கறி எல்லாம் சனி மாலையே சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

பார்க்க வேண்டியவற்றை நீங்களே பட்டியல் போட்டிருப்பீர்கள். மாமியாருக்கு வில்லாந்திரி ஷாத்தோவின் காய்கறித் தோட்டம், குழந்தைகளுக்கு ஷாம்போர் ஷாத்தோவின் இரட்டைச் சுழல்படி. ஒரு நாளைக்கு ஒரு ஷாத்தோவுக்கு மேல் பெரியவர்களால் ஏறி இறங்க முடியாது.

சாவி வாங்கியதும் இருக்கிற கீறல், விரிசல், கறை எல்லாவற்றையும் படமெடுத்து அன்றிரவே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகையில் பிடித்தம் செய்கிறார்கள் என்றால் பெரும்பாலும் உடைந்த தட்டுக்காக இருக்காது, பழைய கறைக்காக இருக்கும்.