சம்பளத்தை 200ஆல் பெருக்கிப் பார்க்காதீர்கள்

கேள்வி: ஐயா, எனக்கு 34 வயது, சொந்த இடம் திருகோணமலை உப்புவெளி. வீட்டுக்குக் கிட்ட உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் விரிவுரையாளராக இருந்து, 2019இல் கற்கை விடுப்பில் மெல்பேர்ண் வந்தேன். கலாநிதிப் பட்டம் முடிந்து இப்போது இங்கேயே ஆய்வாளர் வேலை. வரி போக மாதம் 6,800 டொலர் வருகிறது. மனைவி கணக்காளர், அவருக்கு 4,200. மகளுக்கு மூன்று வயது, பராமரிப்பு நிலையத்துக்கே 1,600 போகிறது. எல்லாம் போக மாதம் 3,000 மிஞ்சும். வங்கியில் 45,000 இருக்கிறது. பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) கிடைத்து நான்கு மாதம். இனி விடுப்பு நீட்ட முடியாது, ஜூனுக்குள் வந்து கடமையேற்க வேண்டும், இல்லையென்றால் பொண்ட் பணம் (திரும்பிவந்து சேவை செய்வதாக எழுதிக்கொடுத்த ஒப்பந்தத்தை மீறினால் கட்ட வேண்டியது) வட்டியோடு 52 இலட்சம் ரூபா கட்ட வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. மாமாவும் கூட வேலை செய்த நண்பர் ஒருவரும் பிணை நின்றவர்கள். ஊரில் சிரேஷ்ட விரிவுரையாளர் சம்பளம் 2,20,000 ரூபா அளவில் வரும். 13 இலட்சத்தை விட்டுவிட்டு 2 இலட்சத்துக்கு வருவது மடத்தனமா? அம்மா, அப்பா தனிய இருக்கிறார்கள். வந்தால் கார் வாங்க எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

பதில்: தம்பி, ஒரு அவுஸ்திரேலிய டொலர் ஏறக்குறைய 200 ரூபா என்று 6,800ஐ 200ஆல் பெருக்கி 13 இலட்சம் என்கிறீர்கள். அந்த 13 இலட்சத்தை நீங்கள் கண்ணால் கண்டதே இல்லை. மெல்பேர்ணில் உழைத்ததை மெல்பேர்ண் வீட்டு வாடகையும் மரக்கறியும் தின்றுவிடுகின்றன. மிஞ்சுவதை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

மாதம் மிஞ்சும் 3,000இலிருந்து மனைவியின் 4,200ஐக் கழியுங்கள். அவர் வீட்டில் இருந்தால் பராமரிப்பு நிலையச் செலவு 1,600 இல்லை, அதைக் கூட்டுங்கள். மிச்சம் 400 டொலர், அதாவது 80,000 ரூபா. இங்கே 2,20,000இல் பிடித்தங்கள் போக 2 இலட்சம் கைக்கு வந்து, அப்பா கட்டிய வீட்டில் இருந்துகொண்டு 1,30,000 செலவழித்தால் மிச்சம் 70,000. பார்த்தீர்களா? உங்கள் ஒருவர் சம்பளத்தில் இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒன்றுதான். நீங்கள் அங்கே சேமிப்பதெல்லாம் மனைவியின் உழைப்பு. கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி ஒதுக்கியிருக்கிறீர்கள்!

ஆகவே ஊருக்கு வருவதா இல்லையா என்பது அவருடைய வேலை ஊருக்கு வருமா என்பதில்தான் இருக்கிறது. இலங்கையில் இருந்தபடி அவுஸ்திரேலிய நிறுவனங்களுக்குக் கணக்கு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். முதலில் அவர் தன் மேலாளரிடம் கேட்கட்டும். பாதிச் சம்பளத்துக்குச் சம்மதித்தாலும் 2,100 டொலர், 4 இலட்சத்துக்கு மேல். உப்புவெளியில் அது பெரிய காசு. என்ன, மெல்பேர்ணில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே விடியற்காலை நாலரை, அவர்களுடைய கோடையில் மூன்றரை. அதையும் அவரையே கேளுங்கள், அவருக்காக நீங்கள் ‘ஓம்’ சொல்ல வேண்டாம்.

அடுத்தது பொண்ட். 2019இல் ஒரு அவுஸ்திரேலிய டொலர் 125 ரூபா அளவில் இருந்தது. அந்தக் கணக்கில் 52 இலட்சம் என்பது 41,600 டொலர். 2022இல் ரூபா விழுந்த பிறகு அது 26,000 ஆகிவிட்டது. படிக்கப் போன பல பிள்ளைகள் ‘கட்டிவிட்டு இருந்துவிடலாம்’ என்று யோசிப்பதற்கு இது ஒரு காரணம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் மாமாவுக்கும் நண்பருக்கும் வருமானம் ரூபாவில். அவர்களுக்கு 52 இலட்சம் என்பது 52 இலட்சமேதான். நீங்கள் கட்டாவிட்டால் அவர்களிடம்தான் கேட்பார்கள். வராமல் இருக்க முடிவெடுத்தால், அந்த 26,000ஐ வங்கியிலிருந்து எடுத்து ஒரே தடவையில் கட்டுங்கள். தவணை வேண்டாம். பிணை விடுவித்த கடிதத்தின் பிரதியை இருவர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.

வருவதாக இருந்தால், செய்த சேவைக் காலத்துக்கு ஏற்பப் பொண்ட் தொகை குறையுமா என்று பதிவாளரிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னது நிற்காது.

பி.ஆர். இருப்பதால் கதவு உடனே மூடாது. கிடைத்த நாளிலிருந்து 5 வருடம் போய்வரலாம். அதற்குப் பிறகு 5 வருடத்துக்குப் புதுப்பிக்க, கடைசி 5 வருடத்தில் 2 வருடம் பி.ஆர். உடன் அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். நான்கு மாதம் கழிந்துவிட்டது, இனி ஒரு வருடமும் எட்டு மாதமும் தேவை. கணக்குப் போட்டால் ஊரில் இரண்டரை வருடம் இருந்து பார்க்கலாம், மூன்றைத் தாண்டக் கூடாது. குடியுரிமைக்காகக் காத்திருப்பது வேறு கதை. பி.ஆர். கிடைத்து ஒரு வருடமாவது ஆனால்தான் விண்ணப்பமே போடலாம், முடிவு வரும்போதும் அங்கே இருக்க வேண்டும். ஜூனுக்குள் நடக்காது. பாஸ்போட்டுக்காக மட்டும் 26,000 கட்டுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மனைவியின் வேலைக்காக என்றால் கட்டுங்கள், குற்ற உணர்வே வேண்டாம்.

‘சுப்பர்’ என்னும் அவுஸ்திரேலிய ஓய்வூதியச் சேமிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு வரலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது தற்காலிக விசாக்காரருக்கு, அவர்களுக்கும் பெரும்பாலும் 35 வீத வரி போகும். பி.ஆர். உள்ளவருக்கு 60 வயது வரை அது பூட்டிய பெட்டி. இலங்கை வருமான வரிக்கும் பயப்பட வேண்டாம். 2023இல் விரிவுரையாளர்கள் வேலைநிறுத்தம் செய்த காலத்து விகிதத்தில் 2,20,000க்கு மாதம் 14,100 வரி. 2025 ஏப்ரலில் விலக்கு மாதம் ஒன்றரை இலட்சமாக உயர்ந்த பிறகு 4,200தான்.

கார் கேட்டீர்கள். வாகன இறக்குமதியை 2025இல் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியைச் சேர்த்துப் பார்த்தால் தலை சுற்றும். முதல் வருடம் ஒரு சதமும் ஒதுக்காதீர்கள். நிலாவெளி வீதியில் வேலைக்குப் போய்வர அப்பாவின் மோட்டார் சைக்கிள் போதும், மழைக்கு ஒரு ரெயின்கோட் வாங்குங்கள்.